கல்லோயாவும் காலநிலையும்: மக்கள் பங்கு பற்றிய சில சிந்தனைகள்

காலநிலை மாற்றம் பற்றிய ஆவணம் எதனை எடுத்து நோக்கினும் "மக்கள் பங்கேற்பு" என்னும் தொடர் ஓரிடத்திலேனும் அதில் இடம்பெற்றிருக்கக் காணலாம். 1992 ஆம் ஆண்டு உருவான ஐக்கிய நாடுகள் காலநிலை மாற்றச் சமவாயத்தின் 6 ஆம் உறுப்புரை, காலநிலை பற்றிய கல்வியும் தகவலும் மக்களைச் சென்றடைதல் வேண்டும் என்றும், தீர்வுகளை வகுப்பதில் அவர்கள் பங்குபற்றல் வேண்டும் என்றும் கூறுகின்றது. 2015 ஆம் ஆண்டின் பாரிஸ் உடன்படிக்கை தன் 12 ஆம் உறுப்புரையில் அதனை மீள வலியுறுத்துகின்றது. இவற்றுக்கு இலங்கையும் உடன்பட்ட நாடே. ஆயினும் இத்தொடர் சர்வதேச மண்டபங்களிலிருந்து ஊர்களுக்கு இறங்கி வரும்போது பெரிதும் மெலிந்துவிடுகின்றது. மரம் நடும் வைபவம், பாடசாலை மாணவரின் ஊர்வலம், சுவரொட்டிப் போட்டி, பொலித்தீனைத் தவிர்க்குமாறு ஒரு வேண்டுகோள் என்பவற்றோடு மக்களின் பங்கு நிறைவெய்திவிட்டதாகக் கொள்ளப்படுகின்றது. இவை வேண்டாதவை அல்ல. ஆனால் இவற்றிலே மக்களின் கைகள் அழைக்கப்படுகின்றனவேயன்றி அவர்களின் மதி அழைக்கப்படுவதில்லை. எதைச் செய்வது, எப்போது செய்வது, இழப்பை யார் ஏற்பது என்பன வேறோரிடத்தில் முடிவான பின்னரே மக்கள் வரவழைக்கப்படுகின்றனர்.

இவ்விடயத்தைச் சொற்களை வைத்து ஆராய்வதினும் ஓர் இடத்தை வைத்து ஆராய்வது பயனுடையது. அதற்குக் கல்லோயா இடதுகரை நீர்ப்பாசனப் பிரதேசத்தில் 1981 ஆம் ஆண்டில் தொடங்கிய முயற்சியினும் பொருத்தமான உதாரணம் இந்நாட்டிற் கிடைப்பது அரிது. காலநிலைச் செயற்பாடு என்னும் பெயரை அக்காலத்தில் எவரும் அதற்குச் சூட்டவில்லை. எனினும், வெப்பமுறும் உலகம் இலங்கையின் உலர்வலயத்துக்குக் கொண்டுவரும் முதற் கேடு நீர் பற்றியதாகும். மழை பொய்க்கும் ஆண்டுகளும், ஒரு மாதத்து மழை ஓரிரு நாட்களிற் கொட்டித் தீர்க்கும் ஆண்டுகளும் மாறி மாறி வருகின்றன. 2016 ஆம் ஆண்டின் பிற்பகுதியிற் பருவமழை பிழைத்ததால் உண்டான வரட்சி நாற்பது ஆண்டுகளில் மிகக் கடுமையானதெனக் கணிக்கப்பட்டமை பலருக்கும் நினைவிருக்கும். உலகின் மொத்தப் புகை வெளியீட்டில் இலங்கையின் பங்கு நூற்றுக்கு ஒன்றிலும் மிகக் குறைந்ததே. ஆகவே இந்நாட்டு மக்களிடம் முதலிற் கோரப்படுவது குறைந்த நீரைப் பலர் பகிர்ந்து வாழும் திறனாகும். அத்திறன் எவ்வாறு பிறக்கின்றது, எவ்வாறு கெடுகின்றது என்பதைக் கல்லோயாவிற் கண்கூடாகக் காண முடிந்தது.

கல்லோயா என இன்று வழங்கும் ஆற்றுக்குப் பட்டிப்பளை ஆறு என்பது தமிழிற் பழைய பெயர். சுதந்திரத்தின் பின்னர் 1949 ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட கல்லோயா அபிவிருத்திச் சபை, அமெரிக்காவின் தெனெசிப் பள்ளத்தாக்கு அதிகாரசபையை முன்மாதிரியாகக் கொண்டது. இங்கினியாகலவில் ஆற்றை மறித்துக் கட்டிய அணையினால் உண்டான சேனநாயக்க சமுத்திரம் இலங்கையின் மிகப்பெரிய நீர்த்தேக்கங்களுள் ஒன்றாகும். அதிலிருந்து இடதுகரை வாய்க்கால் புறப்பட்டு ஏறத்தாழ 65,000 ஏக்கர் வயல்நிலத்துக்கு நீர் வழங்குமாறு திட்டமிடப்பட்டது. பிரதான வாய்க்காலிலிருந்து கிளை வாய்க்கால்கள் பிரியும். அவற்றிலிருந்து வயல் வாய்க்கால்கள் பிரியும். ஒரு வயல் வாய்க்காலைப் பத்து முதல் இருபது வரையான விவசாயிகள் பகிர்ந்துகொள்வர். படத்தில் வரைந்து பார்க்கும்போது இது இலை நரம்பைப் போல அழகாக இருக்கும். ஆனால் நரம்பின் அடியில் இருப்பவனுக்கும் நுனியில் இருப்பவனுக்கும் இடையிலான வேற்றுமை படத்திற் புலப்படுவதில்லை.

அந்த வேற்றுமை நிலத்தில் இறங்கினாற் புலப்படும். 1970களின் இறுதியில், சிறுபோகக் காலத்தில், வாய்க்காலின் கடைக்கோடியில் வயல் வைத்திருந்த ஒருவரின் நிலையை எண்ணிப் பார்க்கலாம். அவருக்குத் தண்ணீர் விடும் நாள் திணைக்களத்தின் அறிவித்தலில் உண்டு. அந்நாளில் வாய்க்காலில் தண்ணீர் வருவதில்லை. மேலே உள்ளவர் மதகுக் கதவை உடைத்திருப்பார்; அல்லது அக்கதவு பல ஆண்டுகளுக்கு முன்னரே உடைந்து திருத்தப்படாது கிடக்கும். வாய்க்காலிற் புல்லும் புதரும் மண்டி, வண்டல் படிந்து, அது வாய்க்காலா பற்றையா என்று அறிய முடியாத நிலை. சில வயல் வாய்க்கால்கள் பத்துப் பதினைந்து ஆண்டுகளாகத் துப்புரவு செய்யப்படவேயில்லை. எனவே அவர் இரவிலே ரோச் விளக்கோடும் மண்வெட்டியோடும் வாய்க்கால் வழியே மேல்நோக்கி நடப்பார். ஓரிடத்தில் வரம்பை வெட்டித் தண்ணீரைத் தன் பக்கம் திருப்புவார். விடிவதற்குள் வேறொருவர் அதை மண்ணிட்டு மூடிவிடுவார். இவ்வாறு நடந்த சச்சரவுகள் பொலிஸ் நிலையம் வரை போனதும் உண்டு. கதிர் பறியும் வேளையில் வயல் வெடித்துப்போனால், செலவு செய்த விதையும் உரமும் கடனும் அந்த வெடிப்புக்குள்ளேயே போயின. இத்தகைய ஒருவரிடம் சென்று, பொதுநலத்துக்காக நீரைச் சிக்கனமாகப் பயன்படுத்துமாறு துண்டுப்பிரசுரம் கொடுப்பது எத்துணைப் பொருத்தமற்றது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. மேல்மடையில் இருந்தவரையும் முற்றாகக் குற்றஞ்சொல்ல இயலாது. அடுத்த முறை தண்ணீர் வரும் என்னும் நம்பிக்கை அற்றவர், வரும்போதே வயல் நிறையக் கட்டிவைத்துக்கொள்வார். அவ்விடத்திற் பேராசையைக் காட்டிலும் அச்சமே மேலோங்கியிருந்தது.

அதிகாரிகளும் விவசாயிகளும் ஒருவரைப் பற்றி மற்றவர் கொண்டிருந்த கருத்தும் இதற்கு ஏற்றதாகவே இருந்தது. விவசாயிகள் தண்ணீரை வீணாக்குவோர், கட்டுக்கடங்காதோர் என்பது அலுவலகத்தின் கருத்து. உத்தியோகத்தர் செல்வாக்குள்ளவருக்கே தண்ணீர் விடுவோர் என்பது வயலின் கருத்து. இரண்டிலும் ஓரளவு உண்மை இருந்தமையால் இரண்டும் நிலைத்தன.

இவ்வாறான நிலை இந்நாட்டுக்கு இயல்பானதன்று. உலர்வலயத்துச் சிறு குளங்களைச் சார்ந்த ஊர்களில், நீர் குறைந்த ஆண்டில் எல்லோருடைய வயலையும் விதைக்காது, குளத்துக்கு அண்மையிலுள்ள ஒரு பகுதியை மட்டும் விதைப்பதென ஊர் கூடி முடிவு செய்வர். அப்பகுதியை, அது யாருடைய காணியாயினும், பங்குக்காரர் எல்லோரும் தத்தம் பங்கின்படி அவ்வாண்டுக்கு மட்டும் பிரித்துக்கொள்வர். சிங்களத்தில் இதற்குப் பெத்ம என்று பெயர். சொத்துரிமை பற்றிப் பெரிய நூல்கள் எழுதப்பட்டுள்ளன. ஆனால் வரட்சியின்போது உரிமையைத் தற்காலிகமாக மடித்துவைத்துவிட்டு, மழை வந்ததும் விரித்துக்கொள்ளும் இந்த ஏற்பாட்டுக்கு ஈடான ஒரு சட்ட நுட்பத்தை அவற்றிற் காண்பது அரிது. வட்டை விதானையின் கட்டளை, வாய்க்கால் வெட்டும் கடமை, வேலி அடைக்கும் கடமை யாவும் இதனோடு இணைந்தவை. 1832 ஆம் ஆண்டில் இராசகாரிய முறை ஒழிக்கப்பட்டதனாற் கட்டாய ஊழியம் ஒழிந்தது. அதனோடு பொது வேலைக்கு ஆள் சேர்க்கும் வழியும் தளர்ந்தது. பழைய வழக்கங்களுக்கு மீண்டும் உயிரூட்டும் நோக்குடன் 1856 இல் நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டது. 1958 ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம் வட்டை விதானை முறைக்குப் பதிலாகச் செய்கைக் குழுக்களைக் கொண்டுவந்தது. அக்குழுக்களும் நெடுங்காலம் நிலைக்கவில்லை. பழமையை அளவுக்கு மீறிப் புகழ்வதும் தவறு. வட்டை விதானைமாருள் நிலவுடைமையாளரின் கையாட்களாக இருந்தோரும் உளர். ஆயினும் நீரைப் பற்றி முடிவெடுக்க ஓரிடம் இருந்தது. அவ்விடம் வயலிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்தது.

கல்லோயாவில் அந்த இடமே இல்லை. வெவ்வேறு மாவட்டங்களிலிருந்து கொண்டுவந்து குடியேற்றப்பட்டோருக்கு இடையே பொதுவான வழக்கமோ உறவோ இருக்கவில்லை. மேற்பகுதிகளிற் பெரும்பாலும் சிங்களக் குடியேற்றவாசிகளும், கரையோரத்தை நோக்கிய கடைப்பகுதிகளில் தமிழ் பேசும் விவசாயிகளும் இருந்தனர். 1956 ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் இப்பிரதேசத்தில் மூண்ட இனக்கலவரத்திற் பலர் உயிரிழந்தனர். தலைப்பகுதிக்கும் கடைப்பகுதிக்கும் இடையில் ஓடியது வாய்க்கால் மட்டுமன்று.

1979 இல் அமெரிக்க உதவியுடன் இடதுகரையைப் புனரமைக்கும் திட்டமொன்று வகுக்கப்பட்டது. வாய்க்கால்களையும் மதகுகளையும் திருத்துவதே அதன் பெரும் பகுதி. ஆனால் திருத்திய மதகு மீண்டும் உடைக்கப்படின் பயன் என்ன என்ற கேள்வி எழுந்தமையால், விவசாயிகளை ஒழுங்கமைக்கும் பணியும் அதனோடு சேர்க்கப்பட்டது. அப்பணி கமநல ஆராய்ச்சி, பயிற்சி நிறுவகத்திடமும், அதற்குத் துணையாகக் கோர்ணல் பல்கலைக்கழகத்திடமும் ஒப்படைக்கப்பட்டது. கல்லோயாவில் முன்னேற்றம் காண முடியுமாயின் இலங்கையில் எங்கும் காண முடியும் என்று அக்காலத்தில் அதிகாரிகள் கூறுவதுண்டாம். இஃது ஊக்கமூட்டக் கூறியதா, கைவிரித்துக் கூறியதா என்பது கூறியவருக்கே வெளிச்சம்.

பல்கலைக்கழகத்தாருக்கு இவ்வரலாற்றில் விசேட அக்கறை பிறக்கத் தக்க பகுதி இனித்தான் வருகின்றது. 1981 மார்ச் மாதத்தில் முப்பதுக்கு மேற்பட்ட இளைஞர்கள் ஒழுங்கமைப்பாளர்கள் என்னும் பெயரில் வயல்வெளிகளுக்கு அனுப்பப்பட்டனர். அவர்கள் பட்டதாரிகள், வேலை தேடிக்கொண்டிருந்தவர்கள். ஆறு வாரப் பயிற்சியின் பின்னர், விவசாயிகளின் ஊர்களிலேயே தங்கி, வீடு வீடாகவும் வரம்பு வரம்பாகவும் சென்று பேசுவது அவர்களது தொழிலாயிற்று. அவர்களிடம் கொடுப்பதற்குப் பணமோ, உரமோ, கடனோ இல்லை. சட்ட அதிகாரமும் இல்லை. இவ்வின்மையே அவர்களுக்குப் பலமாக அமைந்தது எனலாம். எதுவும் கொடுக்க இயலாதவரிடம் எதுவும் கேட்க இயலாது. ஆகவே பேச்சு வாய்க்காலைப் பற்றியதாகவே இருந்தது.

அவர்கள் கைக்கொண்ட முறை வழமைக்கு மாறானது. இந்நாட்டில் ஒரு சங்கம் தொடங்குவதெனின் முதலில் யாப்பு எழுதப்படும், தலைவர், செயலாளர், பொருளாளர் தெரிவாவர், மாலை விழும், புகைப்படம் எடுக்கப்படும். அதன் பின்னர் வேலை ஏதேனும் உண்டா என்று தேடப்படும். கல்லோயாவில் வேலை முதலில் வந்தது. ஒரே வயல் வாய்க்காலைப் பகிர்வோர் மட்டும் கூடி, எங்கே அடைத்திருக்கிறது, எந்த மதகு உடைந்திருக்கிறது, யாருக்குத் தண்ணீர் போவதில்லை என்று பேசினர். பேசி முடிந்ததும் மண்வெட்டியோடு இறங்கினர். இரண்டொரு வேலை முடிந்த பின்னரே தம் சார்பில் ஒரு பிரதிநிதியைத் தெரிந்தனர். அத்தெரிவும் வாக்கெடுப்பால் நிகழவில்லை. எல்லோரும் இணங்கும் ஒருவர் கிடைக்கும் வரை பேசினர். வாக்கெடுப்பில் வென்றவருக்கும் தோற்றவருக்கும் ஒரே வாய்க்காலில் தண்ணீர் வரவேண்டியிருப்பதை எண்ணும்போது இம்முறையின் பொருத்தம் விளங்கும். பிரதிநிதிக்குச் சம்பளம் இல்லை. வயல் வாய்க்காற் குழுக்கள் இவ்வாறு வேரூன்றிய பின்னரே கிளை வாய்க்கால் மட்டத்திலும், அதன்மேற் பிரதேச மட்டத்திலும் அமைப்புகள் எழுந்தன. இறுதியில், திட்டம் முழுவதற்குமான குழுவில் விவசாயப் பிரதிநிதிகள் அதிகாரிகளோடு ஒரே மேசையில் அமர்ந்தனர்.

அவ்வாண்டுச் சிறுபோகம் தொடங்கியபோது சேனநாயக்க சமுத்திரத்தில் அதன் கொள்ளளவின் ஏறத்தாழ நாலிலொரு பங்கு நீரே இருந்தது. புதிய முயற்சி ஒன்றைத் தொடங்குவதற்கு இதனினும் கெட்ட காலம் இருக்க முடியாது என்று எவரும் எண்ணுவர். நிகழ்ந்தது வேறு. சில வாரங்களுக்குள் ஒழுங்கமைப்பாளர் பணிபுரிந்த பகுதிகளில் மிகப் பெரும்பான்மையான விவசாயிகள் சிரமதானமாக வாய்க்கால் துப்புரவு செய்யவும், முறைவைத்துத் தண்ணீர் பாய்ச்சவும் தொடங்கினர். சில இடங்களிற் கடைக்கோடியில் உள்ளவருக்கு முதலில் தண்ணீர் விட்டுப் பின்னர் மேல்நோக்கி வரும் வழக்கமும் ஏற்பட்டது. இன்னும் வியப்புக்குரியதாக, தமக்குரிய நீரில் மிச்சப்படுத்தித் தம் வாய்க்காலுக்கு அப்பாலுள்ள, முகமறியாத விவசாயிகளுக்கு அனுப்பிய குழுக்களும் இருந்தன. இரண்டு ஆண்டுகளுள் நீர்ப்பயன்பாட்டின் திறன் ஏறத்தாழ இருமடங்காயிற்று என்று இம்முயற்சியோடு இணைந்து பணிபுரிந்த கோர்ணல் பேராசிரியர் நோமன் அப்ஹொவ் 1992 இல் வெளியான தமது நூலிற் பதிந்துள்ளார்.

இம்மாற்றத்துக்குக் காரணம் யாது? விவசாயிகள் திடீரென நல்லவராகிவிட்டனர் எனக் கூறுவது பொருந்தாது. நேற்று வரம்பை வெட்டிய அதே கைதான் இன்று வாய்க்காலைத் துப்புரவு செய்தது. மாறியது அவருக்குக் கிடைத்த அறிவும் உறுதியும் ஆகும். நீர்த்தேக்கத்தில் எவ்வளவு நீர் உண்டு, தம் வாய்க்காலுக்கு எந்நாளில் எவ்வளவு வரும், மேலே உள்ளவர் எப்போது மதகை மூடுவார் என்பன முன்னர் அலுவலகத்தின் இரகசியங்கள். இப்போது அவை எல்லோரும் அறிந்த கணக்காயின. அடுத்த முறை நிச்சயமாக வரும் என்று அறிந்தவர் வயலை நிரம்பக் கட்டிவைப்பதில்லை. விட்டுக்கொடுப்பது வீணாகப் போவதில்லை என்பதைத் தம் கண்ணாற் கண்டவர் விட்டுக்கொடுக்கின்றார். பொறியியலாளர்களும் மாறினர். வாய்க்காலைத் திருத்துவதற்குமுன் விவசாயிகளோடு அதன் வழியே நடந்து, அவர்கள் சொன்னதைக் கேட்டு வரைபடங்களைத் திருத்திக்கொண்டோர் அவர்களுள் இருந்தனர். எந்த இடத்தில் தண்ணீர் ஏறாது என்பதை அங்கேயே இருபத்தைந்து ஆண்டு நின்றவரைப் போல அறிந்தவர் யார்?

இதனை ஒரு வெற்றிக் காவியமாகப் பாடிவிட முடியாது. ஒழுங்கமைப்பாளர்களின் பதவி தற்காலிகமானது. ஆசிரியர் நியமனங்கள் கிடைத்தபோது அவர்கள் கூட்டங்கூட்டமாக விலகினர். நிரந்தரத் தொழிலும் ஓய்வூதியமும் வேண்டிய பட்டதாரியை இதற்காகக் கடிந்துகொள்ள எவருக்கும் உரிமை இல்லை. ஆனால் மக்களிடையே வாழ்ந்து பணிபுரிவதை ஒரு நிரந்தரத் தொழிலாக அமைக்க அரசுக்கு மனம் வரவில்லை என்பது குறிக்கத்தக்கது. கொங்கிறீற்றுக்குச் செலவிடுவது முதலீடாகவும், மனிதருக்குச் செலவிடுவது விரயமாகவும் கணக்கிற் பதியப்படுகின்றது. அவர்கள் போன பின்னரும் பல குழுக்கள் நிலைத்தன, சில தளர்ந்தன. 1988 இல் பெரும் நீர்ப்பாசனத் திட்டங்களில் விவசாயிகளின் பங்கேற்பு அரசின் கொள்கையாக ஏற்கப்பட்டது. 1991 இல் விவசாய அமைப்புகள் சட்ட அங்கீகாரமும் பெற்றன. கொள்கையானதும் அதற்கே உரிய நோயும் தொற்றியது. நாடெங்கும் குறித்த தொகையில் அமைப்புகளைப் பதிவு செய்யுமாறு பணிக்கப்பட்டமையாற் பல இடங்களில் மீண்டும் யாப்பு முதலிலும் வேலை பின்னருமாயிற்று. பங்கேற்பு என்னும் பெயரில் வாய்க்காற் பராமரிப்புச் செலவை விவசாயியின் தோளில் ஏற்றிவிட்டுத் தீர்மானிக்கும் அதிகாரத்தைத் திணைக்களம் தன்னிடமே வைத்துக்கொண்டது என்னும் குறையும் பலகால் எழுந்துள்ளது.

எனினும் 1997 ஆம் ஆண்டை மறத்தலாகாது. அவ்வாண்டுச் சிறுபோகத்தில் நெற்செய்கைக்குப் போதிய நீர் நீர்த்தேக்கத்தில் இல்லையென்று அதிகாரிகள் கணித்தனர். விவசாய அமைப்புகள் இணங்கவில்லை. கிடைக்கும் நீரைத் தாம் பகிர்ந்துகொள்வதாகவும், விளைவைத் தாமே ஏற்பதாகவும் கூறி 65,000 ஏக்கரிலும் செய்கையை மேற்கொண்டனர். அறுவடை வழமையான அளவையும் விஞ்சியது. இதனை அப்ஹொவும் இலங்கை ஆய்வாளர் சி. எம். விஜயரத்னவும் 2000 ஆம் ஆண்டில் ஓர் ஆய்வுக்கட்டுரையில் விளக்கியுள்ளனர். அது போர்க்காலம் என்பதை நினைவிற் கொள்ளல் வேண்டும். கிழக்கிலே வீதிகள்தோறும் சோதனைச் சாவடிகள் இருந்த நாட்களில், மேற்பகுதிச் சிங்கள விவசாயிகள் மூடிய மதகுகளாற் கடைப்பகுதித் தமிழ் விவசாயிகளின் வயல்களுக்குத் தண்ணீர் சென்றது. இதனால் இனப்பிரச்சினை தீர்ந்ததா என்று ஒருவர் கேட்பாராயின், தீரவில்லை என்பதே விடை. நெல் விளைந்தது.

இதற்கு நேர்மாறான ஒரு நிகழ்ச்சியை அண்மைக்காலத்தில் நாடு முழுவதும் அனுபவித்தது. 2021 ஆம் ஆண்டு மே மாதத்தில் இரசாயன உரங்களின் இறக்குமதி வர்த்தமானி அறிவித்தலொன்றினால் தடைசெய்யப்பட்டது. மக்களின் சுகநலத்தோடு, காலநிலை மாற்றத்துக்கு நிலைத்த தீர்வும் அதன் நோக்கங்களுள் ஒன்றாகக் கூறப்பட்டது. நைதரசன் உரத்திலிருந்து வெளியேறும் நைதரசொட்சைட்டு வாயு வளிமண்டலத்தை வெப்பமாக்குவது என்பது மறுக்க முடியாத விஞ்ஞான உண்மை. உரத்தை அளவுக்கு மீறி இடும் வழக்கம் இந்நாட்டில் இருந்தமையும் உண்மையே. ஆகவே நோக்கத்தை முற்றாகப் பழிக்க இயலாது. ஆனால் எந்த வயலில் எவ்வளவு குறைக்கலாம், எத்தனை போகங்களிற் குறைக்கலாம், மாற்றுப் பசளை எங்கிருந்து வரும், விளைச்சல் வீழ்ந்தால் யார் பொறுப்பு என்பவற்றை விவசாயிகளோடு இருந்து பேசியதில்லை. பெரும்போகம் நெருங்கியபோது விவசாயிகள் வீதியில் இறங்கினர். நவம்பரிலே தடை தளர்த்தப்பட்டது. அதற்குள் விதைப்புக் காலம் கடந்துகொண்டிருந்தது. 2021–22 பெரும்போக விளைச்சல் பெரிதும் வீழ்ந்து, நாடு அரிசியை இறக்குமதி செய்ய நேர்ந்தது. இதனால் நேர்ந்த இன்னொரு சேதம் கணக்குகளிற் பதியப்படுவதில்லை. சுற்றாடல், இயற்கைப் பசளை, காலநிலை ஆகிய சொற்களைக் கேட்டவுடன் விவசாயி சந்தேகத்தோடு விலகும் நிலை உருவாயிற்று. இனி அவரிடம் செல்லும் எந்த நல்ல யோசனையும் அந்தச் சந்தேகத்தைக் கடந்தே செல்லவேண்டியிருக்கும்.

இவ்விரு நிகழ்ச்சிகளையும் அருகருகே வைத்து நோக்கின் ஒரு விசித்திரம் தெரிகின்றது. தொடர்ந்து நீர் நிற்கும் வயலின் மண்ணில் ஒட்சிசன் இன்மையால் நுண்ணுயிர்கள் மெதேன் வாயுவை உண்டாக்குகின்றன. மனிதச் செயல்களால் உலகில் வெளியாகும் மெதேனிற் சுமார் பத்தில் ஒரு பங்கு நெல்வயல்களிலிருந்து வருவதாக மதிப்பிடப்படுகின்றது. வயலை இடையிடையே காயவிட்டு நீர் பாய்ச்சினால் அது குறையும் என விஞ்ஞானிகள் இன்று பரிந்துரைக்கின்றனர். அதைச் செய்வதற்கு வேண்டியது யாது? காயவிட்ட வயலுக்குக் குறித்த நாளில் தண்ணீர் தவறாது வரும் என்னும் உறுதி. 1981 இல் முறைவைத்துத் தண்ணீர் பாய்ச்சிய விவசாயி மெதேன் என்னும் சொல்லைக் கேட்டிருக்கமாட்டார். ஆனால் அவ்விஞ்ஞானப் பரிந்துரை செயலாவதற்கு இன்றியமையாத நிபந்தனையை அவரும் அவரது அயலவரும் உண்டாக்கிவைத்திருந்தனர். மறுபுறத்தில், விஞ்ஞான உண்மை ஒன்றைக் கையில் வைத்திருந்தும் அந்நிபந்தனையைத் தேடாமல் இறங்கியதனால் 2021 இல் அவ்வுண்மைக்கே அவப்பெயர் தேடிக் கொடுக்கப்பட்டது.

காலநிலை பற்றிய அறிவு பல்கலைக்கழகங்களிலும் வளிமண்டலவியல் திணைக்களத்திலும் வளர்ந்து வருகின்றது. அடுத்த மூன்று மாதங்களுக்கான மழைபற்றிய முன்னறிவித்தல்கள் இன்று வெளியிடப்படுகின்றன. அவை நிச்சயம் என்று சொல்வதில்லை. வாய்ப்பு என்றே சொல்கின்றன. மழை வழமையிலும் குறைவாக இருக்கக்கூடிய வாய்ப்பு அதிகம் என்று கூறப்படும்போது, எத்தனை ஏக்கர் விதைப்பது, எந்த நெல்லினத்தை விதைப்பது என்பன விஞ்ஞானத்தால் மட்டும் தீர்க்கப்படும் கேள்விகளாக இருப்பதில்லை. விதைத்து மழை பொய்த்தால் ஓர் இழப்பு. விதைக்காது விட்டு மழை பெய்தால் வேறோர் இழப்பு. எந்த இழப்பை ஏற்கத் துணிவது என்று முடிவு செய்யும் உரிமை, அதை ஏற்கவேண்டியவருக்கே உரியதாதல் வேண்டும். 1997 இற் கல்லோயாவில் விவசாயிகள் கேட்டுப் பெற்றது அந்த உரிமையையே. அதிகாரிகளின் கணக்கு அன்று பிழையானதன்று. பகிர்ந்துண்ணத் தெரியாதோருக்கான கணக்காக அது இருந்தது.

ஒவ்வொரு போகத்தின் தொடக்கத்திலும் நாட்டின் நீர்ப்பாசனத் திட்டங்களிற் பயிர்ச்செய்கைக் கூட்டம் நடைபெறுகின்றது. நீர்த்தேக்கத்தின் நீர்மட்டம் அங்கே வாசிக்கப்படும். முதல் தண்ணீர் விடும் நாளும், விதைப்பு முடியவேண்டிய நாளும், கடைசித் தண்ணீர் நாளும் தீர்மானிக்கப்படும். மேடையில் அதிகாரிகள் அமர்ந்திருப்பர். தலைப்பகுதி விவசாயிகள் முன்வரிசையில் இருப்பர். கடைக்கோடியிலிருந்து வருபவர் நெடுந்தூரம் வரவேண்டியிருப்பதாற் பெரும்பாலும் பிந்தியே வருவார். அவருக்கு இடம் பின்வரிசையிலேயே கிடைக்கும். நீர்மட்டம் வாசிக்கப்படும் வேளையில் அவர் வந்து சேர்ந்துவிட்டாரா என்று யாரேனும் திரும்பிப் பார்க்கின்றனரா என்பது திட்டத்துக்குத் திட்டம் வேறுபடுகின்றது.